சேற்றில் சிக்கிய பத்தாவது ஆள்

"பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறோம். நீச்சல் தெரிந்த ஒருவர் கூட வந்தால்தான் அனுப்புவோம் என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள்" என்று ரூபன் சார் கேட்டபோது, எந்தக் கடல் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். தூத்துக்குடியில் பிறந்துவிட்டு, மும்பைக்குப் பக்கத்தில் தானேயில் ஒரு பள்ளிக்கூட நீச்சல்குளத்தின் குளோரின் வாடையில் இருபது வருடமாகக் காலம் தள்ளுகிறவள் நான். கடல் என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ரூபன் சார் எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். தானேயில் தலைமுறை தலைமுறையாக இருக்கும், வீட்டில் மராத்தி பேசும் யூதக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஒவ்வொரு வருடமும் மெல்பர்னிலிருந்து யூதப் பிள்ளைகள் சிலர் தானேக்கு வந்து இவர்கள் வீடுகளில் தங்குவார்கள். பிறகு இரண்டு கூட்டமும் சேர்ந்து மூன்றாவதாக ஓர் ஊருக்குப் போகும். கொரோனா என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டிராத ஒரு டிசம்பரில், அந்த மூன்றாவது ஊர் பர்மாவின் பழைய ரங்கூனான யாங்கோன் ஆனது. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை பன்னிரண்டு பேர். எட்டுப் பையன்கள், நான்கு பெண்கள். அவர்களோடு ரூபன் சார், நான்.

போய் இறங்கிய மறுநாள்தான் யாங்கோனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரிந்தது. நகரத்தின் நடுவே, சாயக்கடைகளுக்கும் இரும்புக் கடைகளுக்கும் இடையில் யூதர்களின் சிறிய தொழுகைக் கூடம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் உட்கார இடம் கிடைக்காதாம். இப்போது அதைத் திறந்து பெருக்கி விளக்குப் போடுகிறவர் ஊ எஸ்ரா என்ற ஒரே ஒருவர். 'ஊ' என்பது அங்கே நம் 'ஐயா' மாதிரி. எழுபதைத் தாண்டிய மனிதர். போட்டாதாங் படகுத்துறையில் மூட்டைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பர்மியர்களைப் போலவே கைலி கட்டி, தலையில் மட்டும் சின்னத் தொப்பி வைத்திருந்தார்.

அவரோடு வாழ்ந்த அக்கா அந்த வருட மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார். இறந்தவர்களுக்காகச் சொல்லும் பிரார்த்தனை ஒன்று அவர்களிடம் உண்டு. தனியாகச் சொல்ல முடியாது. பதின்மூன்று வயது நிரம்பிய யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். யாங்கோனில் பத்துப் பேர் சேரவே இல்லை. அக்காவுக்காக அவர் இன்னும் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வந்தால்" என்று அவர் ரூபன் சாரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கணக்கு எழுதிய பழக்கத்தில் விரல் மடக்கினார். எட்டுப் பையன்கள், ரூபன் சார், அவர். சரியாகப் பத்து.

"எங்கள் ஊரில் பெண்களையும் எண்ணுவோம்" என்றாள் தாலியா. பதினாறு வயது மெல்பர்ன் பெண். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். "என்னையும் சேர்த்துக்கொண்டால் பத்துக்கு மேலேயே ஆள் இருக்கிறதே?"

ஊ எஸ்ரா கோபப்படவில்லை. "என் அக்காவும் இதையேதான் சொல்லுவாள்" என்று சிரித்தார். "ஆனால் அப்பா விட்டுப் போன வழக்கம். நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்து எப்படி மாற்றுவது, சொல்."

கூட்டத்தின் பின்னால் நின்ற ஏரன் என் காதில் முணுமுணுத்தான். "நாலு நாளில் ஒரே ஒரு நாள் கடல். அதுவும் இந்த வெள்ளிக்கிழமைதானா, கோச்?" ஏரன் எங்கள் பள்ளி நீச்சல் அணிப் பையன். பதினைந்து வயது. தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்தான் சந்தோஷமாக இருப்பான். தொழுகைக்குப் போனால் வாய்தான் அசைகிறது, மனசு எங்கோ போய்விடுகிறது என்று அம்மாவிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

அவன் முணுமுணுத்ததற்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குச் சற்று முன்பு வீடுகளில் அம்மாக்கள் விளக்கேற்றி வைப்பார்கள். சனிக்கிழமை இருட்டும்வரை வண்டி ஏறக்கூடாது, போனைத் தொடக்கூடாது, வெளியில் எதையும் சுமந்து போகக்கூடாது. நடக்கலாம். அவ்வளவுதான். மெல்பர்ன் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் இதையெல்லாம் பார்ப்பதில்லையாம். ஆனால் பயணத்தில் எல்லோருக்கும் ரூபன் சாரின் விதிதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பன்சோடான் துறையில் படகு ஏறினோம். எதிர்க்கரையான டாலாவுக்குப் பத்து நிமிடம். டிசம்பரில் ஆற்றின் மேல் கடற்காக்கைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. படகில் பொரித்த தீனி விற்கும் பெண்களிடம் வாங்கி ஆகாயத்தில் எறிந்தால், விழுவதற்குள் கவ்விக்கொள்கின்றன. பிள்ளைகள் தங்கள் காலைச் சாப்பாட்டில் பாதியைப் பறவைகளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அதற்கும் காரணம் உண்டு. சாப்பாடு அங்கே பெரிய பாடாக இருந்தது. யாங்கோனில் காலையில் எல்லோரும் சாப்பிடுவது மொஹிங்கா, மீன் குழம்பில் மிதக்கும் சேமியா மாதிரி. எனக்கு முதல் வாயிலேயே பிடித்துவிட்டது. ஆனால் அதில் போடுவது கெளுத்தி. செதில் இல்லாத மீன் அவர்களுக்கு ஆகாது. மற்ற எல்லாவற்றிலும் ஙாப்பி என்ற இறால் விழுது. இறாலும் ஆகாது. ஆகவே ரூபன் சார் ஒரு அலுமினியச் சட்டியும் கத்தியும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக அலைந்தார்.

டாலாவில் எங்களுக்காகக் காத்திருந்தவர் கோ மணி. 'கோ' என்பது நம் 'அண்ணன்' மாதிரி. இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு மேலே தார்ப்பாய் கட்டிய சிறிய லாரி அவருடையது. லைன் கார் என்கிறார்கள். நாற்பது வயது இருக்கும். என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் பர்மிய மொழியை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

"அக்கா தமிழா? வாங்க, முன்னால ஒக்காருங்க. வீட்டுல மட்டுந்தான் நாங்க தமிழு. வெளிய பூரா பர்மாதான். எம் பிள்ளைங்களுக்குப் பேசுனா வெளங்கும், பதில் மட்டும் பர்மாவுல வரும்."

"எங்க வீட்டிலயும் அதே கதைதான் மணி. பதில் மராத்தியில வரும்" என்றேன். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது போலும். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு மணி நேரம், அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே. தூரத்தில் பொன் பூசிய பகோடாக்கள் இல்லாமல் இருந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் என்றே நம்பியிருப்பேன். சாலை முடிந்த இடத்தில் தென்னந்தோப்பு. தோப்பு முடிந்த இடத்தில் லெக்கொக்கோன் கடற்கரை. பிள்ளைகள் ஆரவாரத்தோடு குதித்து ஓடினார்கள். ஓடி, நின்றுவிட்டார்கள்.

கடலைக் காணவில்லை.

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பழுப்பு நிறச் சேறு. அதற்கப்பால் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு.

"தண்ணி வெளியூரு போயிருக்கு அக்கா" என்றார் மணி. "ஒரு மணிக்கு மேல திரும்பும். திரும்புச்சுன்னா நடந்து வராது, ஓடி வரும்."

முத்துக்குளிக்கும் ஊர்க்காரி நான், இப்படி ஒரு கடலை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கரையோர மண் உறுதியாக இருந்த இடம்வரை நடந்து பார்த்து, ஒரு மூங்கில் கழியை நட்டு, அதில் என் சிவப்புத் துண்டைக் கட்டினேன். "இதைத் தாண்டி ஒரு அடி போகக்கூடாது. விசில் அடித்தால் கரைக்கு வர வேண்டும்" என்றேன். ஐந்து நிமிடத்தில் அவர்கள் கடலை மறந்து சேற்றில் சறுக்கத் தொடங்கினார்கள். மராத்தியும் ஆங்கிலமும் பேசியவர்கள் எல்லோரும் ஒரே நிறமானார்கள்.

கரையில் ஒரு கீற்றுக் கொட்டகைச் சாப்பாட்டுக் கடை. கடைக்கார அம்மாள் அன்று பிடித்த உல்லம் மீனைக் கொண்டுவந்து காட்டியதும், ரூபன் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முதுகை நகத்தால் சுரண்டினார். அம்மாளின் முகம் சுருங்கியது. பர்மிய மொழியில் ஏதோ பொரிந்தார்.

"காலையில பிடிச்ச மீன இப்படிச் சந்தேகப்பட்டு யாருமே தொட்டதில்லையாம்" என்று மணி மொழிபெயர்த்தார். பிறகு செதில் விஷயத்தை அவரே விளக்கினார். விளங்கியதும் அம்மாள் சிரித்துவிட்டு, எங்கள் சட்டியிலேயே, எங்கள் கத்தியாலேயே அரிந்து, ஙாப்பி போடாமல் மஞ்சளும் தக்காளியும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். மெல்பர்ன் பிள்ளைகள் முள்ளோடு போராடினார்கள். தானே பிள்ளைகள் முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை.

தட்டுகளை எண்ணியபோதுதான் ஒன்று மீந்தது.

நான் எழுந்து கடலைப் பார்த்தேன். சிவப்புத் துண்டுக்கு வெகு அப்பால், ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அது அசையவில்லை. அதற்குப் பின்னால் அந்த வெள்ளிக் கம்பி இப்போது பட்டையாக ஆகியிருந்தது.

விசிலை ஊதிக்கொண்டே ஓடினேன். ஏரன்தான். நிஜக் கடலைத் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போயிருக்கிறான். இரண்டு காலும் தொடைவரை புதைந்திருந்தன. பயந்துபோய் இழுக்க இழுக்க இன்னும் இறங்கியிருக்கிறான்.

"கோச், வராதீங்க, நீங்களும் மாட்டிக்குவீங்க!" என்று கத்தினான். அந்த நேரத்திலும் அவன் அப்படிக் கத்தியது பின்னால் நினைத்துப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 

நான் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டேன். நின்றால்தான் மூழ்கும், படுத்தால் தாங்கும். வயிற்றால் ஊர்ந்து அவன் கைக்கு எட்டும் தூரம் போனேன். பின்னால் பலத்த சத்தம். மணியும் இரண்டு மீனவர்களும் கடைக்கார அம்மாளின் சாப்பாட்டு பெஞ்சையே தலைகீழாகத் திருப்பி, சறுக்குப் பலகை மாதிரி தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இதைக் கட்டிப் பிடிச்சுக்கோ. கால இழுக்காத. பாதத்த மட்டும் மெல்ல ஆட்டு, நீச்சல்ல ஆட்டுவியே, அப்படி" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருபது வருடமாக நான் குளக்கரையில் கையால் காட்டும் சைகை தெரியும். பெஞ்சின் மேல் மார்பைச் சாய்த்துக்கொண்டு பாதத்தை ஆட்டினான்.

அப்போது முதல் அலை வந்தது. அலை என்று சொல்லக்கூடாது. உள்ளங்கை உயரத்துக்கு ஒரு தண்ணீர் விரிப்பு, சத்தமில்லாமல், ஓடுகிற ஆள் வேகத்தில். நான் ஏரனின் கையை இறுக்கிப் பிடித்தேன். மீனவர்களோ அதற்குத்தான் காத்திருந்த மாதிரி ஏதோ கத்தினார்கள்.

"தண்ணி பட்டாச் சேறு எளகும்! இப்ப இழுங்க அக்கா!"

நான்கு பேரும் சேர்ந்து இழுத்தோம். ஒரு கால் வந்தது. அடுத்த கால் வந்தபோது வயிறு நிறைந்த எருமை மூச்சு விட்ட மாதிரி சேறு ஒரு சத்தம் போட்டது. பெஞ்சில் ஏரனைப் படுக்கப்போட்டுத் தள்ளிக்கொண்டு கரையேறும்போது தண்ணீர் எங்கள் முழங்காலில் இருந்தது. சிவப்புத் துண்டு கட்டிய கழியைத் திரும்பிப் பார்த்தேன். அதன் நுனி மட்டும் தெரிந்தது.

கரையில் நான் அவனைத் திட்டினேன். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு மறுபடியும் திட்டினேன். உள்ளங்காலில் கிளிஞ்சல் கிழித்து ஆழமான வெட்டு. கழுவி மருந்து வைத்துக் கட்டி, எல்லோரையும் அடிபம்பில் குளிப்பாட்டி முடிக்கும்போது மணி இரண்டரை. அடிபம்புத் தண்ணீரும் பாதிச் சேற்றைத்தான் எடுத்தது.

"ஐந்து முப்பத்தைந்துக்குச் சூரியன் மறைகிறது" என்றார் ரூபன் சார்.  கணக்கு வாத்தியார் அல்லவா.

டாலாவுக்குப் பாதி வழியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. வைக்கோல் மலை இரண்டு பக்கமும் வழியை அடைத்துவிட்டது. முன்னால் பதினைந்து வண்டிகள். அவற்றின் ஓட்டுநர்கள் மரத்தடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேசா மஷிபூ" என்றார் மணி. ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். நிஜமாகவே பிரச்சினை இருக்கும்போதுதான் இதை அதிகம் சொல்கிறார்கள் என்று எனக்கு அதற்குள் பிடிபட்டிருந்தது.

ஏரன் என் பக்கத்தில், கட்டுப் போட்ட காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கோச், என்னாலதான். நீங்க எல்லாரும் இந்த வயல் வழியா நடந்து அந்தப் பக்கம் போய் வேற வண்டி பிடிச்சுப் போங்க. நான் மணியண்ணாகூட அப்புறமா வரேன்."

"நீ இல்லாம ஒன்பது பேர் ஆகும்" என்றேன்.

 அவன் முன்னால் இருந்த வைக்கோலையே பார்த்தான். பிறகு நொண்டிக்கொண்டே இறங்கிப் போய் இரண்டு கையாலும் வைக்கோலை அள்ளி வயலில் எறிய ஆரம்பித்தான். தாலியா குதித்தாள். மற்றவர்கள் குதித்தார்கள். சேறு பூசிய பன்னிரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் வைக்கோல் அள்ளுவதைப் பார்த்ததும் தேநீர்க்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் வண்டியில் பாட்டுப் போட்டார். இருபத்தைந்து நிமிடத்தில் வழி பிறந்தது. நாங்கள் புறப்பட்டபோது எல்லோர் தலையிலும் வைக்கோல்.

டாலா துறைக்கு வந்தபோது ஐந்து இருபது. படகு கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் தாலியா குதித்து ஓடினாள். அந்த மாதிரி ஓட்டத்தை நான் எந்தப் பள்ளி மைதானத்திலும் பார்த்ததில்லை. கூடைக்காரிகளையும் சைக்கிள்களையும் சுற்றிச் சுழன்று, படகுக்கும் கரைக்கும் நடுவே கிடந்த பலகையில் ஏறி நின்றுகொண்டாள். பலகையை இழுக்க வந்த ஆள் கையை ஆட்டி விரட்டினார். இவள் இரண்டு கையையும் கூப்பி, தெரிந்த ஒரே பர்மியச் சொல்லான "மிங்கலாபா, மிங்கலாபா" என்று வணக்கத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றாள். படகில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்துவிட்டார். நொண்டிக்கொண்டு வந்த ஏரன் ஏறியதும்தான் அவள் பலகையை விட்டு இறங்கினாள்.

மணியும் ஏறிவிட்டார். "வண்டிய மச்சான் பாத்துக்குவான். தம்பி கால பாத்தா மனசு கேக்கல" என்றார்.

ஆற்றுக்கு நடுவில் சூரியன் செம்பருத்தி நிறத்தில் கிரேன்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பன்சோடான் துறையில் கால் வைத்ததும் ரூபன் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதையே கழற்றி என்னிடம் நீட்டினார். "இன்னும் மூன்று நிமிடம். எல்லோரும் கோச்சிடம் கொடுத்துவிடுங்கள்."

போன்கள், பணப்பைகள், காமிராக்கள், தண்ணீர்ப் புட்டிகள், தோள்பைகள். எல்லாம் என் கழுத்திலும் இரண்டு தோளிலும் வந்து விழுந்தன. மீதி மணியின் கழுத்தில். மீன் சட்டி என் தலையில் கவிழாதது ஒன்றுதான் பாக்கி. திருவிழாவில் பொம்மை விற்கிறவள் மாதிரி நான் நின்றேன்.

கூடத்துக்கு இருபது நிமிட நடை. பத்தடி நடந்ததுமே ஏரனின் காலில் போட்ட கட்டு வழியே ரத்தம் கசிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்தடி நடந்தான். துறை வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். அதில் ஏறக்கூடாது. ரூபன் சார் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"என்னக்கா, சார் ஏதோ கேக்க வர்றாரு, கேக்க மாட்டேங்குறாரு?"

"அவங்க ஓய்வுநாள் ஆரம்பிச்சிடுச்சு மணி. தாங்க செய்யக் கூடாத வேலைய இன்னொருத்தர செய்யச் சொல்லியும் கேக்கக் கூடாதாம்."

மணி கொஞ்சம் யோசித்தார். "கேக்காம செஞ்சா?"

நான் ரூபன் சாரிடம் எதையும் மொழிபெயர்க்கவில்லை. மணி தன் கழுத்துப் பைகளையும் என் மேல் மாட்டிவிட்டு, ஏரன் முன்னால் குந்தி உட்கார்ந்து முதுகைக் காட்டினார். "ஏறு தம்பி. வருசா வருசம் காவடி எடுக்குறவன் நான். நீ என்ன வெயிட்டு இருக்கப் போற?"

ரூபன் சார் கட்டடங்களை ரசிக்கிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினார். அவர் தோள் குலுங்கியது, சிரிப்பில்.

அந்த ஊர்வலத்தை யாங்கோன் வேடிக்கை பார்த்தது. வெற்றிலைக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சேறு காய்ந்து வெளுத்த முகங்களைப் பார்த்து, கன்னத்தில் தனாக்கா சந்தனம் பூசிய ஒரு பெண், தன் தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். "நம்மளவிட நல்லாப் பூசியிருக்காங்களாம்" என்று மணி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

ஊ எஸ்ரா கதவுக்கு வெளியே தெருவிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, புதுக் கைலி.  மணியின் முதுகிலிருந்து ஏரனை இறக்கி, தன் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிப்போனார். பெண்பிள்ளைகள் நால்வரும் பெண்களுக்கான மேல்மாடத்துக்கு ஏறினார்கள்.

நானும் மணியும் முற்றத்துப் படியில் உட்கார்ந்தோம். திறந்த ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. மனிதர்களை ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனார் ஊ எஸ்ரா. ஏரன் கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பத்தாவது சொல் அவன் மேல் வந்து நின்றது.  ஏரன் நொண்டிக் காலோடு எழுந்து நின்றுவிட்டான்.

தொழுகை நடந்துகொண்டிருந்தபோது என் இடுப்பில் ஒரு போன் அதிர்ந்தது. எந்தப் பையில் என்று தேடி எடுத்தேன். திரையில் 'ஆயி' என்று இருந்தது. மராத்தியில் அம்மா. ஏரனின் போன். யாங்கோனுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும் தானேயில் இன்னும் வெயில் இருக்கும், ஓய்வுநாள் தொடங்கியிருக்காது. எடுத்து 'ஹலோ' என்றேன்.

"டீச்சர், நீங்களா? எங்கே அவன்? கடலில் குளித்தானா? சாப்பிட்டானா?"

கடலைப் பற்றி ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "நல்லா இருக்கான். உள்ளே தொழுகையில் நிற்கிறான். பத்துப் பேருக்கு அவன்தான் பத்தாவது" என்றேன்.

 "எனக்கும் கேட்குமா?" என்றாள்.

போனை ஜன்னல் கம்பியோரம் நீட்டிப் பிடித்தேன். ஊ எஸ்ரா தனியாக எழுந்து நின்றிருந்தார். மழைக்காலத்திலிருந்து நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்த பிரார்த்தனையை ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல் வெளியே எடுத்தார். அவர் நிறுத்திய இடங்களில் எல்லோரும் சேர்ந்து ஆமென் என்றார்கள். மாடத்திலிருந்து தாலியாவின் ஆமென் கணீரென்று இறங்கியது. கீழே பையன்களின் குரல்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. மகரக்கட்டு உடைந்தும் உடையாமலும் இருக்கும் எட்டுத் தொண்டைகளில் எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

"அதோ, அதுதான் அவன்" என்றாள் ஏரனின் அம்மா.

பிரார்த்தனை முடியும்வரை போனை அப்படியே பிடித்திருந்தேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வைக்கிறேன் டீச்சர். இங்கேயும் விளக்கேற்ற நேரமாகிவிட்டது" என்றாள்.